கட்டை படாத நிலா

இந்தக் கதையில் ஒரு இடத்தில் வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். அதற்கு நான் உத்தரவாதம்.

ஆனால் இப்போது இல்லை. இப்போது மருதாசலம் சார் ஒரு கேள்வி கேட்கப் போகிறார். அதுவரை வாயை இறுக்கிக்கொள்ளுங்கள்.

"ஏனுங்க மிஸ், என்கிட்ட எல்லாம் இருக்குதுங்க. ஆனா வெளையாட வர மாட்டேங்குது. ஏனுங்க?"

இதை மூக்கால் படிக்க வேண்டும். கடைசி 'ஏனுங்க'வை மாடிப்படி ஏறுவதுபோல் மேலே கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒருமுறை செய்து பாருங்கள். ஆம், அப்படித்தான்.

மருதாசலம் சாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காந்திபுரத்தில் பம்ப் செட் கடை வைத்திருக்கிறார்.

மிஸ் என்றால் பெர்னடெட் மிஸ். சாருக்கு ஒரு மகள் இருந்திருந்தால் மிஸ் வயதுதான் இருக்கும். ஒரு பேக்கரிக்கு மேலே மாடி ரூமில், சனிக்கிழமை மதியங்களில், எங்கள் கிளப்புக்குப் பிளாஸ்டிக் கட்டைகளில் கட்டக் கற்றுக்கொடுக்கிறார். பாலம், கப்பல், ராக்கெட், எது கேட்டாலும்.

மிஸ் குரலைச் செய்துகாட்டுவதுதான் கஷ்டம். பேசினால்தானே. வெறும் புருவத்தை வைத்துக்கொண்டு மிமிக்ரி செய்ய முடியாது.

"எல்லாம்னா?" என்றார் மிஸ்.

"தட்டுங்க. பழைய விண்வெளி செட்டுத் தட்டு. நெலாத் தரை, செவ்வாய்த் தரை, ராக்கெட் எறங்கற களம். சொவரு பூரா மாட்டி வெச்சிருக்கறனுங்க."

சோற்றுத் தட்டு இல்லை. கட்டைகளை அழுத்தி நிறுத்துவதற்கு அடியில் போடுகிற பிளாஸ்டிக் பலகை. மேலே வரிசை வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். நிலாத் தட்டு சாம்பல் நிறம். அதில் நாலு பள்ளம். பள்ளத்துக்குள் குமிழ் கிடையாது.

"அதுல என்னென்ன கட்டியிருக்கீங்ணா?"

சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"கட்றதுங்களா? அதுலயா?"

பிறகு உட்கார்ந்து விளக்கினார். வெயில் பட்டால் தட்டு மஞ்சளாகிவிடும். கட்டையை அழுத்தி எடுத்தால் குமிழ் ஓரம் தேயும். எல்லாவற்றையும்விட மோசம் பல் தடம். அந்தக் காலத்துப் பிள்ளைகள், சிக்கிக்கொண்ட கட்டையைப் பல்லால் கடித்துப் பிடுங்குவார்களாம். ஒரே ஒரு பல் தடம் இருந்தாலும் சேகரிப்பவர்கள் அந்தத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களாம்.

"வெளையாடறதுக்குன்னு தனியா டூப்ளிகேட்டு வாங்கி வெச்சிருக்கறனுங்க. உக்காந்தாப் போதும், கொட்டாவி வந்துருது."

மிஸ் ஒரு சிவப்புக் கட்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எது போச்சுன்னா உங்களுக்குத் தூக்கம் வராதோ, அதை அடுத்த வாரம் கொண்டு வாங்ணா."

*

கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வருவதுபோல, துண்டில் சுற்றி.

துண்டுக்குள் ஒரு கண்ணாடி உறை. உறைக்குள் நிலா.

நாங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். மிஸ் பிறப்பதற்கு முன்னால் செய்த தட்டு. நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது.

"இதுல இன்னைக்கு வரைக்கும் ஒத்தக் கட்டை பட்டதில்லீங்க," என்றார் சார். மூக்கால் பேசுகிற குரல் தொண்டைக்கு இறங்கியிருந்தது. "எங்க குரூப்புல என்னைய நெலாக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. இதுல ஒரு கட்டை பட்டுதுன்னா, அப்பறம் நான் வெறும் மருதாசலமுங்க."

மிஸ் அலமாரியைத் திறந்து எங்கள் கிளப் தட்டை எடுத்து மேசையில் வைத்தார். டவுன்ஹால் பக்கம் வாங்கிய நகல். அதே சாம்பல், அதே நாலு பள்ளம். புதுசு வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சாருடைய குரூப்காரர்களே ஒரு நிமிடம் தலையைச் சொறிவார்கள்.

"நீங்க இதுல கட்டுங்ணா. உங்களுது அலமாரியில உக்காந்து பாக்கட்டும். கையைக் கழுவிட்டு வாங்க."

கை கழுவாமல் கட்டையைத் தொடக் கூடாது என்பது மிஸ் வகுப்புச் சட்டம். சார் குழாயடிக்குப் போனார்.

நான் பக்கத்தில் நின்ற நௌஷாத்தைப் பார்த்தேன். நௌஷாத் என்னைப் பார்த்தான்.

எங்களுக்குள் பேச்சே நடக்கவில்லை. அவன் உறையைத் திறந்தான். நான் நிலாவை உருவினேன். கிளப் தட்டு உறைக்குள் போனது, உறை அலமாரிக்குள் போனது. நெலாக்காரருடைய நிலா மேசைக்கு வந்தது.

திரும்பினால், மிஸ் டீ கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காது போச்சு என்று நினைத்தேன். மிஸ் ஒரு புருவத்தை உயர்த்தினார். பிறகு நீலக் கண்ணாடிக் கட்டைகள் இருந்த டப்பாவை, சார் உட்காரப்போகும் பக்கமாக மெதுவாகத் தள்ளி வைத்தார்.

அவ்வளவுதான்.

"இப்ப சிரிக்கலாமா?" என்றான் நௌஷாத், உதடு அசையாமல்.

"கொன்னுருவேன்," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

*

சார் கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தார். அலமாரியைப் பார்த்து, "சாமி, அங்கயே பத்தரமா இரு," என்றார்.

நௌஷாத்துக்கு இருமல் வந்தது.

சார் உட்கார்ந்தார். இரண்டு நீலக் கட்டைகளை எடுத்தார். ஒன்றை நிலாவின் ஓரத்தில் வைத்து அழுத்தினார்.

டிக்.

அப்படியே நின்றுவிட்டார்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். நௌஷாத் ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தான். நான் சுவரிலிருந்த பேக்கரி காலண்டரில் ராகுகாலம் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னாச்சு சார்?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கண்ணாடில தூசி."

டிக். டிக்.

பிறகு டிக்டிக்டிக் என்று ஓடத் தொடங்கியது. சுவர் எழுந்தது. நீலக் கூண்டு எழுந்தது. காற்று பூட்டும் அறை, ஆன்டெனா, ஒரு கக்கூஸ்.

"நெலாவுல கக்கூஸா சார்?" என்றாள் முன்வரிசைக் குட்டிப் பெண் ஒருத்தி.

"பின்ன? வரிசையா மூணு பேரு போயிருக்கறாங்க. எங்க போவாங்க?"

ரூம் சிரித்தது. நீங்கள் இன்னும் சிரிக்க வேண்டாம், இது அந்த இடம் இல்லை.

"கண்ணு, இந்த டூப்ளிகேட்ட எங்க வாங்குனீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"டவுன்ஹால்ல சார்."

"நல்ல புடி புடிக்குது. என்னோட ஒரிஜினலே இப்படிப் புடிக்குமான்னு தெரியல."

நௌஷாத் மேசைக்கடியில் போய்விட்டான். கட்டை விழுந்துவிட்டதாம். மேசை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"பேசாம இதுலயே இன்னொரு நாலு வாங்கிரலாம்னு பாக்கறன்."

மேசை அதிகமாக ஆடியது.

நான் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் இதைவிட நல்ல சனிக்கிழமை வந்ததில்லை.

*

பள்ளம் வந்ததும் சார் கை நின்றது.

"மிஸ், இதுக்குள்ள குமிழ் இல்லீங்க. கட்டை நிக்காதுங்க. இத என்ன பண்றதுங்க?"

மிஸ் எழுந்து வந்தார். கையிலிருந்த டீ கிளாஸைப் பள்ளத்துக்குள் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. சூடான டீ. கிளாஸின் அடியில் ஈரம். நிலாவில்.

சார் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து, மிஸ்ஸின் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி கிளாஸைத் தரையில் வைத்தார்.

"எறக்கி வெச்சா நிக்கும்," என்றார், தனக்குத்தானே.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பள்ளத்துக்கு மேலே ஒரு கிரேன் எழுந்தது. எங்களிடம் நூல் கேட்டார். நூல் நுனியில் வெள்ளை உடுப்பு விண்வெளிக்காரனைக் கட்டினார். பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

"கட்டுப்பாட்டு அறை, கட்டுப்பாட்டு அறை. நெலாவுலருந்து மருதாசலம் பேசறனுங்க. பள்ளத்துக்குள்ள ஆள எறக்கறனுங்க. ஓவர்."

இந்த மாதிரி ஒரு வாய்ப்பை நான் விடுவேனா? மூக்கைப் பிடித்துக்கொண்டு, கரகரவென்று, "மருதாசலம், உங்க குரல் தெளிவா கேக்குது. மெதுவா எறக்குங்க. ஓவர்," என்றேன்.

"பள்ளத்துக்குள்ள ஒரே இருட்டுங்க. ஓவர்."

"டார்ச் அடிங்க. ஓவர்."

"டார்ச் கோயமுத்தூர்ல மறந்துட்டு வந்துட்டனுங்க. ஓவர்."

குட்டிப் பெண் தன் செல்போன் டார்ச்சை அடித்தாள். விண்வெளிக்காரன் சுழன்று சுழன்று இறங்கினான். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டோம், நிஜமாகவே எங்கோ ஒருவன் இறங்குவதுபோல.

பாதியில் நூல் சிக்கியது.

கிரேனின் காலுக்கடியில் ஒரு மெல்லிய கட்டை தப்பான இடத்தில் இருந்தது. சார் நகத்தால் நெம்பினார். வரவில்லை. இன்னொரு கட்டையால் நெம்பினார். வரவில்லை.

தலையைக் குனிந்தார்.

"சார், வேண்டாம்," என்றேன்.

கடித்தார். நறுக்.

கட்டை வந்துவிட்டது. அது இருந்த இடத்துக் குமிழில், சின்னதாக, அழகாக, இரண்டு பல் தடம்.

"டூப்ளிகேட்டுதான கண்ணு," என்றார் சார். "உனக்கென்ன மூஞ்சி வெளுக்குது?"

நௌஷாத் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்திருந்தான். அவன் முகமும் வெளுத்திருந்தது.

நீங்கள் சிரிக்க வேண்டிய இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வரவில்லை. நெலாக்காரர், நெலாக்காரர் என்று மட்டும் தலைக்குள் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் மூலையில் உட்கார்ந்து கட்டைகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு புருவமும் இருந்த இடத்தில் இருந்தன.

"கட்டுப்பாட்டு அறை, தூங்கிட்டீங்களா? ஓவர்."

"இல்லைங்க," என்றேன். ஓவர் சொல்ல மறந்துவிட்டேன்.

விண்வெளிக்காரன் தரையைத் தொட்டான். ரூம் கைதட்டிக் கத்தியது. சார் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, நாற்காலியைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார். நிலாவில் நடப்பதுபோல, காலைத் தூக்கித் தூக்கி.

*

வகுப்பு முடிந்தது.

சார் மிஸ் முன்னால் போய் நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மிஸ் அந்த வாய்க்கு நேராக ஒரு வறுக்கி பிஸ்கட்டை நீட்டினார். வாங்கிக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மேசையிலிருந்த நிலாவை, கக்கூஸ், கிரேன், பள்ளத்துக்குள் நின்றவன் என்று எல்லாவற்றோடும் சேர்த்து, கல்யாண வீட்டுச் சீர்த்தட்டைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கினார். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

நானும் நௌஷாத்தும் நின்றோம்.

அலமாரியில் உறை அப்படியே இருந்தது.

"மறந்துட்டாரு," என்றான் நௌஷாத். "ஓடு."

உறையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கீழே சார் நிலாவைக் காரின் முன் சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், உங்க தட்டு."

உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது கிளப் தட்டுதான? மேலயே வெச்சிரு கண்ணு."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

எனக்கு எல்லோர் குரலும் வரும். அப்போது ஒன்றும் வரவில்லை. இருந்த குரலில் கேட்டேன்.

"எப்ப சார் தெரிஞ்சுது?"

"மொத கட்டையிலயே."

"அப்பறம் ஏன் சார் நிறுத்தல?"

சார் சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பினார். ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"ரெண்டாவது கட்டை கையில இருந்துச்சு, கண்ணு."