லாயத்தில் பலித்த தைலம்

மருதங்கோட்டை மன்னர் குமாரபூபதிக்கு எதிரிகள் தந்த தொல்லை கொஞ்சம்தான். முழங்கையில் வந்த கரப்பான் சொறிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. சபையில் அவர் கை முழங்கைப் பக்கம் போனாலே, வாளை உருவப்போகிறார் என்று வழக்குக்கு வந்தவர்கள் நடுங்குவார்கள்.

இருளப்ப வைத்தியர் புங்கெண்ணெயில் தைலம் காய்ச்சிக் கொடுத்தார். "மகாராஜா, ஆறினாலும் நிறுத்தாதீர்கள். ஒரு மண்டலம் தேய்க்க வேண்டும்" என்றார்.

அரிப்பு சட்டென்று அடங்கியது. அத்தோடு ஆலோசனையும் ஆரம்பித்தது. ராணிக்கு நாற்றம் தாங்கவில்லை. "ஆறிய புண்ணுக்கு எதற்கு மருந்து?" என்றார் மந்திரி நல்லபெருமாள். தளவாய் தன் பங்குக்கு, "தைலம் உடம்புக்குச் சூடு" என்றார். மருந்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களுக்கு அதைப்பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது, பாருங்கள். மன்னர் பாதியிலேயே தைலத்தை நிறுத்திவிட்டார்.

மழைக்காலம் வந்தது. கரப்பானும் குடும்பத்தோடு திரும்பி வந்தது.

"மருந்து போலி" என்று மன்னர் சீறினார். "நாளைக் காலை இருளப்பரை நாடு கடத்துங்கள்."

விகடகவி கொண்டல்ராயனுக்கு இது பொறுக்கவில்லை. சொன்னபடி கேட்காதது ஒருவர், தண்டனை இன்னொருவருக்கா? ஆனால் மன்னரிடம் அதை நேராகச் சொன்னால் ஊரைவிட்டுப் போவது இரண்டு பேராகிவிடும். யோசித்தவன் நேரே வைத்தியர் வீட்டிலிருந்து அரண்மனைக்குத் தைலக்குடம் சுமந்த மாடனிடம் போனான். மாடன் குதிரை லாயத்துக்காரன்.

"மகாராஜா வேண்டாமென்ற தைலத்தை என்னப்பா செய்தாய்?"

மாடன் தலையைச் சொறிந்தான். "கொட்டச் சொன்னாங்க சாமி. மனசு வரல. சொறி பிடிச்ச நம்ம வெள்ளைக் குதிரைக்கு ஒரு மண்டலம் தினம் தேய்ச்சேன்."

மறுநாள் சபைக்குள் கொண்டல்ராயன் வந்தான். பின்னால் வெள்ளைக் குதிரையும் வந்தது. உடம்பு பளபளத்தது.

"மகாராஜா, வைத்தியருக்குச் சாட்சி இவர்தான். அதே சொறி, அதே தைலம்."

மன்னர் குதிரையைத் தடவிப் பார்த்தார். ஒரு வடுகூட இல்லை. "இதற்குப் பலித்தது எனக்கு ஏன் பலிக்கவில்லை?"

"இவர் மண்டலம் முடியும்வரை தேய்த்துக்கொண்டார், மகாராஜா."

"குதிரைக்கு அவ்வளவு புத்தியா?"

"புத்தி ஏது? இவருக்கு மந்திரிகள் இல்லை, அவ்வளவுதான்."

நல்லபெருமாள் மேல்கூரையை ஆராய்ந்தார். மன்னர் முதலில் முறைத்தார், பிறகு சொறிந்தார், கடைசியில் வயிறு குலுங்கச் சிரித்தார். வைத்தியருக்குச் சால்வை போர்த்தித் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"கொண்டல்ராயா, உனக்கு என்ன வேண்டும்?"

"மண்டலம் முடிகிறவரை உங்களுக்குத் தைலம் தேய்க்கிற வேலையை மாடனுக்குக் கொடுங்கள், மகாராஜா. எவ்வளவு கனைத்தாலும் அவன் பாதியில் விடமாட்டான்."