வெந்நீர்ச் சுனைக்கு வழி

"எதைச் செஞ்சாலும் ஒருத்தரைக் கேட்டுத்தான் செய்யுதேன். இது எப்பம்மா நிக்கும்?"

இதையும் சண்முகவடிவு கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பூவனத்தம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

வடிவு பிறந்த வீட்டில் அப்பாவைக் கேட்டாள். வாக்கப்பட்ட வீட்டில் கணவனைக் கேட்டாள். அவர் போன பிறகு மகனைக் கேட்டாள். ஒருநாள் மகன் சலித்துப்போய், "உன் இஷ்டம்மா" என்றான். இனி யாரைக் கேட்பது? மலையடிவாரத்தில் பூவனத்தம்மை என்றொரு ஞானி இருப்பதாகக் கேள்விப்பட்டு, துணிமணியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அம்மை அவளைவிட இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வடிவு அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மழை கொட்டி ஓய்ந்த காலையில்கூட, செடிக்குத் தண்ணீர் விடவா என்று அவர் முன்னால் வந்து நிற்பாள்.

கீரை ஆய்ந்து முடிந்தது.

"நாளைக்கு வெந்நீர்ச் சுனைக்குப் போவோம்க்கா," என்றார் அம்மை.

அந்தச் சுனையைப் பற்றி அடிவாரத்தில் எல்லோரும் பேசுவார்கள். பார்த்தவர்கள் குறைவு. நடுக்காட்டில், பாறை வெடிப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வருகிறதாம். தேன் எடுக்கப் போகிறவர்கள் எப்போதாவது குளித்துவிட்டு வந்து சொல்வார்கள்.

விடிந்ததும் கிளம்பினார்கள். அம்மை பின்னாலேயே நடந்தார். வடிவு நின்று நின்று திரும்பிப் பார்த்தாள். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்டாள். அம்மை மரங்களை வேடிக்கை பார்த்தார்.

"உங்களுக்கு வழி தெரியும்லா?"

"நானும் போனதில்லையே."

வடிவுக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. யாரிடம் காட்டுவது? தேன் எடுப்பவர்களின் தடத்தைப் பிடித்து ஏறினாள்.

உச்சிவேளைக்கு ஓர் ஓடை குறுக்கிட்டது. அக்கரையில் மண் சரிந்து தடத்தை மூடியிருந்தது. மூட்டம் இறங்கி, சாரலும் சேர்ந்துகொண்டது.

ஓடையைக் கடக்கையில் அம்மையின் கால் வழுக்கியது. மடுவுக்குள் முழுசாகப் போய்விட்டார்.

வடிவு முந்தானையை வீசி இழுத்துக் கரையேற்றினாள். அம்மையின் உதடு நீலம் பாரித்திருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் தோளில் கிடந்த பையும் அதிலிருந்த தீப்பெட்டியும் மடுவோடு போயின. வடிவு தன் கம்பளியை எடுத்து அவரைச் சுற்றினாள். அது போதவில்லை. திரும்பி இறங்கினால் அடிவாரம் சேர இருட்டிவிடும். அதுவரை இந்த உடம்பு தாங்காது.

"அம்மா, இப்ப நான் என்ன செய்ய?"

அம்மை வாயைத் திறந்தார். பல் அடித்துக்கொள்ளும் சத்தம்தான் வந்தது.

வடிவு மறுபடி கேட்டாள். மறுபடியும் அந்தச் சத்தம்தான்.

அப்புறம் அவள் கேட்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள். மரம். மூட்டம். தண்ணீர்.

சுனைத் தண்ணீர் எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்?

அம்மையை முதுகில் தூக்கிக் கம்பளியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஓடைக்குள்ளேயே மேல்நோக்கி நடந்தாள்.

மேலே இரண்டு ஓடைகள் வந்து கலக்குமிடம் வந்தது. இடது காலை ஒன்றிலும் வலது காலை மற்றதிலும் வைத்து நின்றாள். இரண்டும் குளிரில் எலும்பைக் கடித்தன. அசையாமல் நின்றாள். வலது காலில் கடி கொஞ்சம் மழுங்கியிருந்தது.

உனக்கு என்ன தெரியும் என்றது மனசு.

காலை மாற்றி வைத்தாள். இப்போது இடது கால் அதே ஓடையைச் சொன்னது.

"இதான்," என்றாள் வடிவு. கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. முதுகில் கிடந்தவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது.

ஓரிடத்தில் ஓடை பாறைகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. முட்டி போட்டு, இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள். விரல் நுனி நனைந்தது. தண்ணீர் வெதுவெதுவென்றிருந்தது. முழங்காலில் ரத்தம் கசிய, பாறைமேல் தவழ்ந்தே ஏறினாள். மூச்சு வாங்கியது. நிற்கவில்லை. தீக்குச்சி எரிந்து அணைந்தாற்போல ஒரு வாசம் வந்தது. கொஞ்சம் மேலே, மூட்டத்துக்கு நடுவே வேறொரு வெண்மை புகைந்துகொண்டிருந்தது.

படிக்கட்டு இல்லை. கட்டிய சுவர் இல்லை. மஞ்சள் பூசிய ஒரு கல்கூட இல்லை. பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

வடிவு வாய்விட்டுக் கத்தினாள். சொல்லாக எதுவும் இல்லை. மலை அதை வாங்கி, பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது.

வெடிப்பருகே விரலை வைத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அம்மையை இதில் இறக்கினால் தோல் உரிந்துவிடும். கீழே, ஒரு பச்சைத் தண்ணீர்க் கசிவு வந்து சேருமிடத்தில், ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு குழி இருந்தது. முழங்கையை முக்கிப் பார்த்தாள். ஒரு கல்லை நகர்த்திக் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக விட்டாள். மறுபடி முழங்கையை முக்கினாள். கல்லைத் திரும்ப வைத்துப் பாதி அடைத்தாள்.

குழிக்குள் இறங்கிக் காலை நீட்டி உட்கார்ந்தாள். அம்மையைக் காலின்மேல் கிடத்திக்கொண்டாள்.

அவள் தெருவில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் இப்படிக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் அவள்தான். பச்சைப்பிள்ளை உடம்புக்கு எவ்வளவு சூடு என்று ஒருநாளும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

அது இப்போதுதான் உறைத்தது.

வடிவு சிரித்தாள். கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மையின் நெஞ்சிலும் தோளிலும் கைநிறைய அள்ளி அள்ளி ஊற்றினாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தாள்.

நீலம் மெல்ல இறங்கியது. உதட்டில் ரத்தம் ஓடியது. பல் அடிப்பது நின்றது.

பூவனத்தம்மை கண் திறந்து பார்த்தார். வானத்தைப் பார்த்தார், ஆவியைப் பார்த்தார், தன்னைத் தாங்கிக் கிடக்கும் கால்களைப் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்..."

வடிவு அவர் நெற்றியில் கையை அணையாக வைத்தாள்.

"கண்ண மூடு," என்று சொல்லித் தலையில் தண்ணீரை ஊற்றினாள்.