பார்வையாளர் அட்டை

மடத்துக்குள் நுழையும்போதே நாச்சிமுத்துவின் முகம் கடுகடுவென்றிருந்தது. செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று செடிக்குள் போய் விழுந்தது.

ஞானாம்பிகை அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் பதினோரு வருடமாக நாச்சிமுத்துவுக்கு அவர்தான் குரு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இந்தக் கோபத்தை எப்படிங்கம்மா அடக்கறது? இருபது நாளாத் தூக்கமில்லீங்க."

"யார் மேல?"

"கம்பெனி மேலதான். முப்பத்துநாலு வருஷம்! ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலை போட்டு, சால்வை போத்தி, கார்ல கொண்டாந்து வீட்ல விட்டாங்க. அடுத்த நாளே மருத்துவக் காப்பீட்டை நிறுத்திட்டாங்க."

"தொடர வழி இல்லையா?"

"இருக்குதுங்க. முப்பது நாளுக்குள்ள படிவத்துல மேனேஜர் கையெழுத்து வாங்கோணும். பிரீமியத்தை நாமளே கட்டிக்கோணும். வாங்கத்தான் போனேன். கேட்ல இருக்கற வாட்ச்மேன், நான் சிபாரிசு பண்ணிச் சேத்துவிட்ட ஆளு, நோட்டை நீட்டறான். பேர் எழுது, யாரைப் பாக்கோணும்னு எழுதுங்கறான். கழுத்துல பார்வையாளர்னு அட்டை வேற மாட்டோணுமாம். எனக்கு! நோட்டை விட்டெறிஞ்சுட்டு வந்துட்டேன். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

அதே வாசலில் அவர் சைக்கிளைக் கண்டதும் எழுந்து நின்றவன் அவன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"வேற கம்பெனியில காப்பீடு எடுக்கலாமே?"

"வீட்டுக்காரி தெய்வானைக்கு இதயத்துல வால்வு பழுதுங்களே. புதுசா எடுத்தா மூணு வருஷத்துக்கு அதுக்கு ஒத்தப் பைசா தர மாட்டாங்களாம். டாக்டர் ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணோணுங்கறார். கெடக்குது விடுங்க. சேமநிதிப் பணம் வந்திருக்கு, அதை வெச்சுப் பண்ணிக்கறேன்."

"அப்புறம் ரெண்டு பேரும் எதை வெச்சுச் சாப்பிடுவீங்க?"

நாச்சிமுத்து ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடிக்கத் தொடங்கினார்.

"அந்த முப்பது நாள் என்னிக்கு முடியுது?"

"நாளைக்குங்க."

"தெய்வானை எங்கே?"

"கீழதான். படி ஏற முடியலைன்னு உக்காந்துட்டா."

அம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். இத்தனை வருடத்தில் அவர் முகம் சிவந்து நாச்சிமுத்து பார்த்ததில்லை. விடுவிடுவென்று இறங்கிப் போனார். நாச்சிமுத்துவும் பின்னாலேயே ஓடினார்.

கடைசிப் படியில் தெய்வானை கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழப் பார்த்தாள். முடியவில்லை.

"நான் ஒண்ணும் கேக்கலீங்கம்மா," என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சிரைத்தது. "அவருக்கு மனசு நோகுதுன்னா... வேண்டாமுங்க."

அம்மா அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"கேட்டுதா உங்களுக்கு?" குரல் மடம் முழுக்கக் கேட்டது. "இருபது நாளா ஒரு நோட்டைத் தூக்கிட்டு அலையறீங்களே, இந்த மூச்சு ஒரு நாளாவது காதுல விழுந்துதா?"

நாச்சிமுத்துவுக்கு அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அப்ப அவங்க செஞ்சது நியாயமுங்களா? எனக்குக் கோபமே வரக்கூடாதா?"

"நியாயமே இல்லை. நல்லாக் கோபப்படுங்க. அந்த அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டும் படலாம், நாளன்னிக்கும் படலாம், அதுக்குக் கடைசித் தேதியே கிடையாது. இவங்களுக்கு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்."