தூதர் ஊட்டிய சோறு

நாச்சி முறத்தில் அரிசியைப் பரப்பி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த அதியப்பர் வழக்கம்போல அதையே கேட்டார்.

"இது பொதுப்பானைக்கா தாயே?"

"இல்லண்ணே. ராத்திரி சோத்துக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். அவள் குனிந்தபடியே சிரித்துக்கொண்டாள். அவள் மடியில் சாய்ந்திருந்த குழந்தை சிட்டுவும் என்னவென்று தெரியாமலே சிரித்தது.

அதியப்பர் வேங்கைநாட்டு ராஜாவின் தூதர். வேங்கைநாடு என்றால் லேசுப்பட்டதில்லை. ஒரு காலத்தில் அந்த ராஜாவின் முரசு முழங்கினால், சுற்றியிருந்த நாடுகளில் பால் குடிக்கிற பிள்ளைகூட வாயை எடுத்துவிடும் என்பார்கள். அவர் சொன்ன விலைக்கு விற்று, அவர் பேசச் சொன்னவர்களோடு மட்டும் பேசி மற்ற நாடுகள் காலம் தள்ளின. அந்த ராஜாவுக்கும் கடல்நாட்டுக்கும் பகை மூண்டது. கடல்நாட்டு உப்பு வண்டி ஒன்றுகூட இனிமேல் மலை தாண்டிப் போகக்கூடாது என்று, நாச்சி இருந்த கணவாய்நாட்டுக்கு உத்தரவு போட்டார். அதைக் கொண்டுவந்தவர்தான் அதியப்பர்.

வந்த அன்று சங்கு ஊதச் சொல்லிவிட்டு, நடுத்தெருவில் நின்று உத்தரவைப் படித்தார். தெருவே எழுந்து நின்றது. நாச்சி மட்டும் எழவில்லை. அன்றைக்கும் அவள் கையில் முறம்தான்.

"ராஜாவின் சொல் வந்திருக்கிறது. எழுந்திரு பெண்ணே" என்று அதட்டினார்.

"இந்த முறம் முடியட்டும்" என்றாள் தலை நிமிராமல்.

அந்த மலைக்கே அவள்தான் குரு என்பது அவருக்கு அப்போது தெரியாது. பார்த்தாலும் தெரியாது. முப்பது வயது இருக்கும். கூச்சக்காரி. நாலு பேர் சேர்ந்தாற்போல வந்து நின்றால் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு இன்னும் குனிந்துகொள்வாள். முந்தைய குரு கண் மூடும்போது தன் இடத்தில் இவளை உட்காரச் சொல்லிவிட்டுப் போனார். ஏன் இவள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஊர்த்தலைவர் அன்றே தலையாட்டினார், மாலையும் போட்டார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று அதியப்பர் ராஜாவுக்குச் சொல்லியனுப்பினார். அங்கேதான் சறுக்கினார். கணவாய்நாட்டில் தலைவர் தலையாட்டினால் அது அவர் வீட்டுச் சம்மதம், அவ்வளவுதான். ஊர்ச் சம்மதம் என்றால் சத்திரத்தில் இருக்கிற பொதுப்பானையில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வந்து விழவேண்டும். அதைப் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடவேண்டும். அந்தப் பானையில் ஓர் அரிசிகூட விழவில்லை. யாரும் முடியாது என்றும் சொல்லவில்லை. கேட்டால், "அதுக்கென்ன, பாக்கலாங்க" என்று மோர் கொடுத்தார்கள். உப்பு வண்டிகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"சம்மதம் இல்லாமல் எல்லை தாண்டி வராதே" என்று ராஜா திருப்பிச் சொல்லியனுப்பினார்.

மழை வந்தது. பனியும் வந்தது. போக்கிடம் இல்லாமல் அதியப்பர் நாச்சியின் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார். தூதராக வந்தவர் எப்போது சீடரானார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

அவர் வருவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது சிட்டு. இரண்டு வயசு. அவரைப் பார்த்தால் "மாமா" என்று ஓடிவந்து மடியில் ஏறும். தாடியைக் கடிவாளம்போல் பிடித்து இழுக்கும். அவருடைய மகள் செங்கமலம், அவர் புறப்படும்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். சிட்டு மடியில் ஏறும் நேரத்தில் மட்டும் அவருக்கு மலை மறந்துபோகும்.

நாச்சி கல் பொறுக்கிக்கொண்டிருந்த அன்று காலை வேங்கைநாட்டிலிருந்து ஆள் வந்து போயிருந்தான். ராஜா சொல்லியனுப்பியது, அமாவாசைக்குள் சம்மதம் வாங்கு, இல்லாவிட்டால் பாறை உச்சியில் சிவப்புக் கொடியைக் கட்டு, அடிவாரத்தில் காத்திருக்கும் படை மேலே வரும் என்று. மனைவி சொல்லியனுப்பியது வேறு. குழந்தை பேச ஆரம்பித்துவிட்டாள். தாடி வைத்துக்கொண்டு யார் வாசலுக்கு வந்தாலும் அப்பா என்கிறாள். பால்காரனைக்கூட.

"நாளைக்கு அமாவாசை தாயே" என்றார் அதியப்பர்.

"ஆமாண்ணே."

"கொடி இந்த மூட்டையிலதான் இருக்கு. கட்டிட்டா கணவாய மூடிடுவாங்க. நானும் வீட்டுக்குப் போயிடலாம்."

"ம்."

"வெறும் ம்மா? ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். எங்க ராஜா சொன்னா மத்த நாடுங்க இன்னும் கேக்குமா, கேக்காதா?"

நாச்சி பக்கத்தில் மூடி வைத்திருந்த கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். பருப்புச் சோறு. சிட்டுவையும் தூக்கி அவர் மடியில் விட்டாள்.

"இவளுக்கு ஊட்டிடுங்கண்ணே. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. நான் இந்த முறத்த முடிச்சிடறேன்."

"நான் என்ன கேக்கறேன், நீங்க..."

"சோறு ஆறிடும்."

அதியப்பர் ஒரு வாய் உருட்டினார். "என் கண்ணுல்ல, ஆ காட்டு."

சிட்டு தாடியைப் பிடித்தது. வாயைத் திறக்கவில்லை.

"அங்க பாரு காக்கா."

காக்காவைப் பார்த்தது. வாய் மூடியே இருந்தது.

மூட்டையிலிருந்து வெல்லக்கட்டி எடுத்துக் காட்டினார். சிட்டு வெல்லத்தை வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் வாயை இறுக்கிக்கொண்டது.

"வெல்லம் வாங்கிக்குவாண்ணே. எப்பக் குடுத்தாலும் வாங்கிக்குவா" என்றாள் நாச்சி.

அதியப்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. நடுத்தெருவில் உத்தரவு படித்த அதே குரலில், "வாயைத் திற!" என்றார்.

குழந்தை அவரை விழித்துப் பார்த்தது. அவர் அதன் மூக்கைப் பிடித்தார். முறத்தில் நாச்சியின் விரல் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூச்சுக்குத் தவித்த குழந்தை வாயைத் திறந்தது. சோறு உள்ளே போனது. மறுபடி மூக்கு, மறுபடி சோறு.

"ஆச்சு தாயே! ரெண்டு வாய் போயிடுச்சு."

"முழுங்கினாளா?"

அப்போதுதான் பார்த்தார். சிட்டுவின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. சோறு அத்தனையும் அங்கே அடங்கியிருந்தது. குழந்தை அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, விழுங்காமல், அழாமல் இருந்தது. பிடி தளர்ந்ததும் அத்தனையையும் அவர் தோளில் கிடந்த புலி முத்திரை போட்ட பட்டுத் துண்டின்மேல் துப்பிவிட்டு உள்ளே ஓடியது.

கதவு இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"சிட்டு, வாம்மா. மாமா இனிமே செய்ய மாட்டேன்."

"மாமா வேணாம்."

"தாடி வேணுமா? இழுத்துக்கோ, வா."

கண்ணும் மறைந்துவிட்டது.

அதியப்பர் நீட்டிய கையை மடக்க மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மூட்டைக்குள் கைவிட்டு, அகப்பட்ட துணியை இழுத்து, தோளையும் தரையையும் துடைத்தார். துடைத்து முடித்தபிறகுதான் அது என்ன துணி என்று பார்த்தார்.

"அலசிட்டு வெளியில காயப் போட்டுடாதீங்கண்ணே" என்றாள் நாச்சி. "கீழ இருக்கறவங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"அப்போ எங்க ராஜாவுக்குப் பலமே இல்லேங்கறீங்க."

"யாரு சொன்னா? எம்புள்ள மூக்கு செவந்துபோச்சு. கொடியக் கட்டினா எங்க கூரையெல்லாம் எரியும். அது எனக்குத் தெரியாதாண்ணே?"

"எரிஞ்சப்புறம்?"

அவள் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"பானை நிறைஞ்சிருக்குமா தாயே?"

"நீங்கதானே ஊட்டினீங்க."

வெயில் வாசலைவிட்டு இறங்கியது. எங்கோ ஓர் உப்பு வண்டி மேட்டில் முக்கிக்கொண்டு ஏறியது. அதியப்பர் ஈரத் துணியை மடித்து மூட்டையின் அடியில் வைத்து முடிச்சுப் போட்டார்.

"காலையில கிளம்பறேன். சம்மதமும் இல்ல, கொடியும் இல்ல. நேரே போய் ராஜா முன்னால நிக்கப்போறேன்."

நாச்சி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "வராதேன்னுதானே சொல்லியிருக்கார்? தலை போயிடுமேண்ணே."

"போகட்டும். அதுக்கு முன்னால வீட்டு வாசலுக்கு ஒருதரம் போவேன். தாடியோட." "பால்காரனைப் பாத்தே கூப்பிடறவ, என்னையும் ஒருதரம் கூப்பிட மாட்டாளா?"

அவர் மூட்டையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ராஜா என்னைக் கேப்பார் தாயே. என் முரசு கேட்டா நாடு நாடா எழுந்து நின்னாங்களே, அந்தக் காலம் திரும்பி வருமான்னு கேப்பார். எப்பவும் கேப்பார், தனியா இருக்கும்போது. நான் என்ன சொல்லட்டும்?"

நாச்சி வெகுநேரம் அரிசியைப் பார்த்தாள். பிறகு, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நான் சொன்னேன்னு ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்றாள்.

கேட்டாலும் எதையும் நேராகச் சொல்லுகிறவள் இல்லை அவள். அதியப்பர் கை கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ராஜா என்ன, யாரா இருந்தாலும், கூப்பிட்ட குரலுக்கு இன்னொருத்தர் எழுந்து வரணும்னா, அதுக்கு முதல்ல..."

"அம்மா."

சிட்டுதான். சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை.

முறம் தரைக்கு வந்தது. நாச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதியப்பர் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி அரிசியில் கல் அப்படியே கிடந்தது. இத்தனை நாளில் அவள் முறம் முடியாமல் கிடந்து அவர் பார்த்ததே இல்லை.