சௌபாக்கிய நிதியின் கண்காணிப்புக் குழு

சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன். இதில் வருகிற மூன்று பேரும் இன்றைக்கும் ஊரில் மரியாதையாக நடமாடுகிறவர்கள். தவிர, என் பணமும் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஊத்துமேடு கடைத்தெருவில் சௌபாக்கிய சகாய நிதி என்று ஒரு கம்பெனி. டெபாசிட் வாங்குவார்கள், நகைக்குக் கடன் கொடுப்பார்கள். வேலைக்கு ஆள் கிடையாது, மூன்று டைரக்டர்களே எல்லாம். தலைவர் ஏகாம்பரம் எதையும் இரண்டு தடவை படிப்பார், இரண்டு தடவையும் புரியாது. செயலாளர் சடகோபன் படிக்காமலே புரிந்துகொள்வார். மூன்றாமவர் பிச்சாண்டி, மற்ற இருவரும் தலையாட்டினால் தானும் ஆட்டுவார். மூவரும் தங்கமான மனிதர்கள். அடுத்தவர் காசைக் கனவிலும் தொடமாட்டார்கள்.

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கம்ப்யூட்டர் வழியாகத் திருட்டு நடக்கிற காலம் இது, ஆகவே ஒவ்வொரு நிதிக் கம்பெனியும் சைபர் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்து, இதில் சொல்லியிருப்பதை வரிக்கு வரி பின்பற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. வரிக்கு வரி என்று எழுதியவர் ஊத்துமேட்டைப் பார்த்ததில்லை, பாவம்.

வேலை செய்பவர் வேறாகவும் அதைக் கண்காணிப்பவர் வேறாகவும் இருக்க வேண்டும் என்பது முதல் வரி. மூவருக்குமே கண்காணிக்கத்தான் ஆசை. கடைசியில் சடகோபன் விட்டுக்கொடுத்தார். காலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார், மத்தியானம் எதிர் நாற்காலிக்கு மாறி, காலையில் எழுதிய ஆளைக் கண்காணிப்பார். வேலையில் அசட்டை என்று அந்த ஆளுக்கு மெமோ கூடக் கொடுத்தார். மறுநாள் காலை அதை வாங்கிப் படித்துவிட்டு, எதிர் நாற்காலியோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஆபத்து முழுவதையும் நாமே சுமக்க வேண்டியதில்லை, ஒரு பகுதியை வேறொருவருக்கு மாற்றிவிடலாம் என்று இன்னொரு வரி. இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்க்கடை உரக்கடைக்காரரிடம் வைத்துவிட்டு, இனிமேல் ஆபத்து உங்களுடையது என்று கைகுலுக்கிவிட்டு வந்தார்கள். அவர் மிரண்டுபோய் அன்று சாயங்காலமே திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல மனிதருக்குக் கூட தைரியம் போதவில்லையே என்று ஏகாம்பரம் வருத்தப்பட்டார்.

இதெல்லாம் சின்ன விஷயம். வினை பாஸ்வேர்டில் வந்தது.

முழுப் பாஸ்வேர்டும் எந்த ஒரு தனி ஆளுக்கும் தெரியக்கூடாது என்று எழுதியிருந்ததால், மூவரும் அதை மூன்று துண்டாக்கிக்கொண்டார்கள். ஒருவர் தன் துண்டை அடிக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்பார்கள். டெபாசிட் போட வந்தவர்கள், இவர்கள் ஏதோ விரதம் இருக்கிறார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். அதுவரைக்கும் சரி. எளிதில் நினைவுக்கு வரக்கூடிய சொல்லை வைக்கக்கூடாது, எங்கும் எழுதி வைக்கவும் கூடாது என்று அடுத்த வரி. அதன்படி பிச்சாண்டி தன் துண்டை மாற்றினார். திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் அசையவே இல்லை.

"தலைவரே, எனக்கு ஞாபகம் வரல."

"கொஞ்சம் கூடவா?"

"ஒரு எழுத்து கூட வரல."

ஏகாம்பரம் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதுதான் பாஸ்வேர்டு, நாங்கள் வைத்தது வெறும் விளையாட்டு என்றார். குழு கூடிப் பாராட்டுத் தீர்மானம் போட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் தவமணி உள்ளே வந்தாள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே தையல் கடை வைத்திருப்பவள். மூன்று டைரக்டர்களும் போட்டிருக்கிற சட்டை அவள் தைத்தது. அதோடு பிச்சாண்டியின் கூடப்பிறந்த தங்கச்சி. வெள்ளிக்கிழமை அவள் மகள் புனிதாவுக்குக் கல்யாணம். கடனைப் போன மாதமே கட்டி முடித்துவிட்டாள். அட்டிகையும் வளையலும் மட்டும் கம்பெனி லாக்கரில் இருந்தன. பெண்ணுக்குப் போட அவளிடம் வேறு நகை கிடையாது. அந்த லாக்கரோ கம்ப்யூட்டர் சொன்னால்தான் திறக்கும்.

நகை பத்திரமாக இருக்கிறது, இவ்வளவு பத்திரமாக எப்போதும் இருந்ததில்லை என்று ஏகாம்பரம் பெருமையாகச் சொன்னார். தவமணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றாள். வெளியாளைக் கம்ப்யூட்டரைத் தொட விடக்கூடாது என்று வரி இருந்தது. கடப்பாரை கொண்டுவரட்டுமா என்றாள். கடப்பாரையைப் பற்றி வரியே இல்லை, அதனால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்றார் சடகோபன்.

செவ்வாயும் வந்தாள், புதனும் வந்தாள். தைக்க வேண்டிய ரவிக்கைத் துணி மடியில் கிடக்க, பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பெண் வெறுங்கழுத்தோடு மணையில் உட்கார்ந்தால் சம்பந்தி வீட்டார் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? பிச்சாண்டியும் கூடவே அழுதார். தாய்மாமன் அல்லவா. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுவரைப் பார்த்து நின்றுவிடுவார்.

புதன்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் திரை திடீரென்று சிவப்பானது. உங்கள் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டோம், கேட்கிற பணத்தைக் கொடுத்தால் திறப்போம், இந்த நம்பருக்குப் பேசவும் என்று எழுத்துகள் வந்தன. மூவரும் படித்தார்கள். ஏகாம்பரம் இரண்டு தடவை படித்தார். பிறகு போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"சார், உங்க கம்ப்யூட்டர் இப்ப நம்ம கையில," என்றது ஒரு குரல். "பூட்டியாச்சு."

"பூட்டிட்டீங்களா? அத நாங்க திங்கட்கிழமையே பூட்டிட்டோமே."

திருடனுக்கும் இது புது அனுபவமாக இருந்திருக்கும்.

"நீங்க எப்படி உள்ள போனீங்க தம்பி?" என்று சடகோபன் ஆவலோடு கேட்டார். "எங்களால போக முடியல."

பணம் கொடுப்பதில் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் கம்ப்யூட்டர் திறந்தால்தான் பணத்தை எடுக்க முடியும் என்று ஏகாம்பரம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். திருடன் யோசித்தான். தன் பூட்டைக் கழற்றினான். அடியில் அவர்கள் பூட்டு இருந்தது. அதையும் அவன்தான் கழற்ற வேண்டியிருந்தது. வெளியாளாயிற்றே என்று பிச்சாண்டி தயங்கியபோது, தொட்டால்தானே தப்பு, அவர் எங்கேயோ இருந்துகொண்டு செய்கிறார் என்று சடகோபன் சமாதானம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் லாக்கர் டக்கென்று திறந்தது. தவமணி ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் ஏகாம்பரம். தெரிந்தவர் என்பதற்காக யாரையும் நம்பக்கூடாது என்பது கடைசிக்கு முந்தின வரி. "இந்தம்மா தவமணிதான்னு யார் சொல்றது?"

"அண்ணே, நீயாவது சொல்லேன்," என்று தவமணி பிச்சாண்டியைப் பார்த்தாள்.

பிச்சாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு உன்ன பொறந்ததுலேர்ந்து தெரியும் தவமணி. அதனாலதான் என்னால சொல்ல முடியல."

இது சிக்கலான விஷயம் என்று மூவரும் கூடிப் பேசினார்கள். எனக்கு அவளைத் தெரியும், உங்களுக்கும் தெரியும், கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும், ஆகவே ஊரில் ஒருவரையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்றார் சடகோபன். அவளை அறவே தெரியாத நேர்மையான ஆள் ஒருவர் வேண்டும் என்றார் ஏகாம்பரம். சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த போனைப் பார்த்தார். மூவர் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது.

"தம்பி, லைன்ல இருக்கீங்களா?"

திருடன் அதற்குள் நொந்துபோயிருந்தான். கம்ப்யூட்டரில் இருந்த விவரங்களையெல்லாம் அவன்தானே வைத்திருந்தான். போட்டோவைப் பார்த்து, மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டான். வலது பக்கம் என்றார்கள். புருவத்தில் தழும்பு இருக்கிறதா என்றான். இருந்தது.

"அந்தம்மாதான் சார். நகைய குடுத்து அனுப்புங்க. பாவம், கல்யாண வீடு."

ஒரு அந்நியர் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு மறுக்க முடியுமா? அட்டிகையும் வளையலும் கைக்கு வந்தன. தவமணி போனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனாள். வெள்ளிக்கிழமை கல்யாணம் ஜோராக நடந்தது. பிச்சாண்டி தாய்மாமன் சீர் கொண்டுபோனபோது, வாசலில் அவரை நிறுத்தி, நீங்கள் யார் என்று தவமணி அடையாள அட்டை கேட்டாள். அவர் எடுத்துக் காட்டினார், அவருக்கு அதில் பரம திருப்தி.

திருடன் பிறகு பணம் கேட்கவே இல்லை. அவனுக்கு வேறொரு எண்ணம் தோன்றியிருந்தது. சொந்த நகையை எடுக்கச் சொந்தக்காரியால் முடியவில்லை, கம்பெனிக்காரர்களாலேயே முடியவில்லை. அவன் தொழிலிலோ கூட்டாளிகளை நம்பிக் கையில் நாலு காசு வைத்துக்கொள்ள வழியில்லை. திங்கட்கிழமை நேரிலேயே வந்துவிட்டான், வெள்ளைச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாக. புகைப்படம், விலாசம், கையெழுத்து எல்லாம் கொடுத்து, அம்மாவை வாரிசாகப் போட்டு, தன் சேமிப்பு முழுவதையும் பிக்சட் டெபாசிட்டில் போட்டான். குழு அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தது.

தாக்குதல் எது நடந்தாலும் புகார் செய்ய வேண்டும் என்று வரி இருந்ததால், புகாரும் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து போலீஸ் இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒருவர் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார். அன்றைக்கு வட்டி வாங்க வந்திருந்த திருடன்தான் அவர்.

குற்றவாளியைப் பற்றி ஏதாவது துப்பு உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எல்லாமே இருக்கு சார்," என்றார் ஏகாம்பரம். "பேரு, விலாசம், போட்டோ, அவங்க அம்மா பேரு கூட இருக்கு. ஆனா வாடிக்கையாளர் விவரத்த யாருக்கும் சொல்லக் கூடாது."

இன்ஸ்பெக்டர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். மூவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கோபம் போய், அவருக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது. வீட்டம்மாவின் பணம் கொஞ்சம் சும்மா கிடப்பது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏங்க, நீங்க இங்கதான் போட்டிருக்கீங்களா? பாதுகாப்புதானா?"

"தாராளமா போடுங்க சார்," என்றான் திருடன். "நானே உள்ள போய்ப் பாத்துட்டுத்தான் போட்டேன்."