சிறுமலை அணியின் முதல் அழைப்பு

ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டிய மேடைக்கு இரண்டு பெயர்களைச் சுமந்துகொண்டு போன ஒருத்தியின் கதை இது. கேட்டுவிட்டு, அவளிடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

திண்டுக்கல்லில் சிறுமலை அணி என்றொரு பெண்கள் கூடைப்பந்து அணி இருந்தது. அதன் பயிற்சியாளர் சுகிர்தா. ஆறு அணிகள் மோதும் அந்த லீக்கில் இருபது வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு முகாம் நடக்கும். முகாமின் முடிவில் ஒவ்வோர் அணியும் ஒரே ஒரு புதிய வீராங்கனையை மேடையில் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளலாம். கடைசி இடத்தில் முடித்த அணிக்கே முதல் அழைப்பு. அந்த ஆண்டு கடைசி இடம் சிறுமலைக்கு. மறுமுறையும் கடைசியாக வந்தால் லீக்கை விட்டே போக வேண்டும் என்பதும் விதி.

முந்தைய ஆண்டு முகாமில் நஸ்ரின் என்ற பெண் ஆடினாள். கோட்டைத் தாண்டப்போன பந்தைப் பார்த்து, "விடாதே, எடு!" என்று கத்தியவள் சுகிர்தாதான். நஸ்ரின் பாய்ந்தாள். பந்து கிடைத்தது, முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மருத்துவமனையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுகிர்தா சொன்னாள்: "அடுத்த வருஷம் அந்த மேடையில நான் சொல்ற பேர் உன் பேர்தான்."

அந்த ஒரு வாக்கை நம்பி நஸ்ரின் பத்து மாதம் பாடுபட்டாள். நிற்க முடியாத நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பந்தைத் தட்டினாள். நடை வந்ததும் மாடிப்படி, பிறகு மைதானம். இருபது வயதில், தனக்கு எஞ்சியிருந்த கடைசி முகாமுக்கு வந்து சேர்ந்தாள். பந்தை யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்பதில் அவளுக்கு நிகராக அங்கே யாருமில்லை. ஆனால் எகிறிவிட்டுத் தரையில் இறங்கும்போது மட்டும் வலது கால் கண்ணிமைக்கும் நேரம் தயங்கியது.

அதே முகாமுக்கு விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மாரிக்கனி வந்திருந்தாள். பதினேழு வயது, ஆறடி ஒரு அங்குலம். கூடைப்பந்தைத் தொட்டே இரண்டு ஆண்டுதான் ஆகிறது. ஆனாலும் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து எதுவானாலும் அவள் கைக்குத்தான் போயிற்று. சிறுமலை அணியில் இல்லாதது அதுதான்.

கடைசி நாள் மதியம், சுகிர்தாவின் சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. அணித்தலைவி கார்குழலி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்க வாக்குக் கொடுத்தது எங்களுக்கும் தெரியும். ஆனா அணியில பதினோரு பேர் இருக்கோம். அணி வெளியே போயிட்டா நாங்களும் வெளியேதான். நஸ்ரினைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. எங்களைப் பாத்தா?"

சுகிர்தா தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

கார்குழலி போன சிறிது நேரத்தில் நஸ்ரினே வந்தாள். உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. போன வருஷம் நடந்ததையெல்லாம் மறந்துட்டு ஆட்டத்தை மட்டும் பாத்தா, உங்க அணிக்கு யாரு வேணும்?"

சுகிர்தாவுக்குப் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"மாரிக்கனி."

நஸ்ரின் தலையசைத்தாள். கண் கலங்கியதை மறைக்கவில்லை. "அப்ப அவளையே கூப்பிடுங்க. நீங்க கொடுத்த வாக்கை நான் திருப்பிக் கொடுத்துட்டேன். பாவம் பாத்துக் குடுக்கற ஜெர்சியைப் போட்டுக்கிட்டு என்னால ஓட முடியாது."

அவள் போனதும் சுகிர்தா எழுந்து முகம் கழுவப் போனாள். குழாயடியில் மாரிக்கனி காத்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாக நஸ்ரினோடு ஒரே அறையில் தங்கியவள்.

"நஸ்ரின் அக்கா கதை எனக்குத் தெரியும் மேடம். எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு, அக்காவுக்கு இதான் கடைசி. கால் பிசகிடுச்சுன்னு நொண்டிக்கிட்டே போறேன். யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. நீங்க அக்காவை எடுத்துக்கோங்க. அடுத்த வருஷம் உங்ககிட்டயே வந்துடறேன்."

"நொண்டக் கூடாது," என்றாள் சுகிர்தா. "நேரா நடந்து போய் உன் இடத்துல உக்காரு."

நான்கு மணிக்கு மேடையில் சுகிர்தாவின் கைக்கு ஒலிவாங்கி வந்தது. முன்வரிசையில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, பெற்ற வாக்கைத் திருப்பித் தந்தவள். மற்றவள், வரப்போகும் வாய்ப்பை விட்டுத்தர முன்வந்தவள். அணியின் பதினோரு பெண்களும் பின்னால் நின்றார்கள்.

இப்போது சொல்லுங்கள்: சுகிர்தா யாரை அழைப்பது சரி?

விடை: சுகிர்தா மாரிக்கனியைத்தான் அழைத்தாள், அதுவே சரி. வாக்கு, கொடுத்தவருக்குச் சொந்தமில்லை, பெற்றவருக்கே சொந்தம். அதைத் திருப்பித் தரும் உரிமையும் பெற்றவருக்கு மட்டுமே உண்டு. நஸ்ரின் உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே திருப்பித் தந்தாள். அதன் பின்னும் அவளை அழைத்திருந்தால், சுகிர்தா தன் மன உறுத்தலைத் தீர்த்துக்கொண்டிருப்பாளே தவிர, நஸ்ரினின் சொல்லை மதித்திருக்க மாட்டாள். மாரிக்கனியின் மனசு பெரியதுதான். ஆனால் அந்த நொண்டல் மற்ற ஐந்து அணிகளையும் ஏமாற்றியிருக்கும். நஸ்ரினை அன்று யாருமே அழைக்காமல் போயிருந்தாலும் இந்த விடை மாறாது. ஆனால் அழைத்தார்கள். நான்காவதாக மேடையேறிய தாமிரபரணி அணியின் பயிற்சியாளர், "எகிறிக் குதிக்க எங்ககிட்ட நாலு பேர் இருக்காங்க. பந்தை யார்கிட்ட குடுக்கணும்னு தெரிஞ்ச ஒருத்திதான் இல்ல," என்று சொல்லிவிட்டு நஸ்ரின் பெயரைச் சொன்னார். முதலில் எழுந்து கைதட்டியவள் மாரிக்கனி. மறுவாரம் பயிற்சி தொடங்கியதும் சுகிர்தா தன் பெண்களுக்கு முதல் பாடமாக எடுத்தது, நஸ்ரினை எப்படி மடக்குவது என்பதைத்தான்.