நிமலன் வீட்டில் மதியச் சாப்பாடு

சாலிகிராமத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் ரெஜினா மாஸ்டர் நடிப்புச் சொல்லிக்கொடுத்துவந்தார். அறந்தாங்கியிலிருந்து வந்த வில்வா அவரிடம் சேர்ந்தபோது அவனுக்கு முப்பது வயது. மாஸ்டர் அவனைவிட இளையவர். ஆனாலும் வகுப்புக்குள் வந்துவிட்டால் அவருக்கு எல்லாரும் ‘நீ’தான்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் வில்வா கேட்டான்.

“நல்ல நடிப்புன்னா என்ன மாஸ்டர்?”

மாஸ்டர் எழுந்து போய் மாடிக் கதவைத் திறந்துவைத்தார்.

“அங்க போய் நில்லு.”

வில்வா போய் வாசலில் நின்றான்.

“என்ன பாக்கணும் மாஸ்டர்?”

“யாராவது உள்ள வராங்களான்னு பாரு.”

வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான். “யாரும் வரலியே.”

“வழியில நீ நிக்கிறியே” என்றார் மாஸ்டர்.

கூடம் முழுக்கச் சிரித்தது. வில்வாவும் சிரித்தான். அவனுக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது.

அடுத்த வருஷம் அவனுக்கு ஒரு தொலைக்காட்சித் தொடர் கிடைத்தது. காணாமல் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. அந்த மகன் அவன்தான். பாதித் தொடர் வரை வில்வா சுவரில் மாட்டிய படமாக மட்டுமே இருந்தான். பிறகு ஒரு மாலை, அழுக்குச் சட்டையும் தாடியுமாக வீட்டு வாசலில் வந்து நின்று “அம்மா” என்றான். மறுநாள் தெருவில் நடக்க முடியவில்லை. கீரை விற்கிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே எங்கயும் போயிடாதப்பா” என்று அழுதார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தமிழில் இரண்டு படம். தெலுங்கில் நடித்த ஒன்று பெரிய வெற்றி. கேரளத்திலிருந்து அழைப்பு. கோலாலம்பூரில் ஒரு கடைத் திறப்புக்குப் போனபோது கூட்டம் தாங்காமல் சாலையை அடைத்தார்கள். பழைய தொடரை இலங்கையிலும் மலேசியாவிலும் கனடாவிலும் மறுபடி மறுபடி ஒளிபரப்பினார்கள்.

எவ்வளவு பெரிய ஆளாகியும், சென்னையில் இருக்கும்போது வில்வா டயர் கடை மாடிக்கு வந்துபோவதை விடவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து வகுப்பைக் கவனிப்பான். மாஸ்டர் அவனைப் புகழ்ந்ததும் இல்லை, குறை சொன்னதும் இல்லை.

யாழ்ப்பாணத்துக் கதை ஒன்றைப் படமாக்கினார்கள். வில்வாதான் நாயகன். படப்பிடிப்பு வடமராட்சிக் கடற்கரையில். அந்த ஊர்ப் பேச்சு அவன் வாயில் கடைசிவரை வரவில்லை. சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரை வைத்தார்கள். ‘போனேன்’ என்பதை “போனனான்” என்று சொல்லச் சொன்னால் அவன் சொல்வது அவர் காதுக்கே சிரிப்பாக இருந்தது. கடைசியில், வேறொருவரை வைத்துக் குரல் கொடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

தினமும் ஒரு அம்மா வந்து பனைமர நிழலில் நிற்பார். படம் எடுத்துக்கொள்ளக் கேட்பதில்லை. கிட்டே வருவதும் இல்லை. உச்சி வெயில் ஏறும்போது மட்டும், அங்கே நின்றபடியே, உரக்க இல்லாமல் கூப்பிடுவார்.

“நிமலன், சாப்பிட வா.”

முதல் நாள் வில்வா அதைக் கேட்கவில்லை. மறுநாள் கேட்டது. அதன் பிறகு, காற்றும் கடலும் அவ்வளவு சத்தம் போட்டாலும், அந்தக் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டான். அவர்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள்.

ஒருநாள் அந்த அம்மாவின் மகள் தர்சினி வந்தாள். வங்கியில் வேலை பார்ப்பவள்.

“அண்ணா, குறை நினைக்காதேங்கோ. அம்மாவின்ரை பேர் சிவபாக்கியம். என்ரை அண்ணன் நிமலன் சண்டைக் காலத்திலை ஒருநாள் சைக்கிளிலை வெளிக்கிட்டவன், திரும்பி வரேல்லை. நான் அப்ப சின்னப் பிள்ளை. உங்கடை நாடகம் பாத்த நாளிலை இருந்து அம்மா நீங்கள்தான் அவன் எண்டு சொல்லுறா.”

“நான் என்ன செய்யணும்?”

“ஒருக்கா வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ. அவன்தான் எண்டு சொல்லவும் வேண்டாம், இல்லை எண்டு சொல்லவும் வேண்டாம்.”

வில்வா அன்று மாலை மாஸ்டருக்குப் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னான்.

“போகட்டுமா மாஸ்டர்?”

“எதுக்குப் போற?”

“கேமரா இல்லாம, நிஜமான ஒரு அம்மா முன்னாடி. இப்படி ஒரு சந்தர்ப்பம் எந்த நடிகனுக்குக் கிடைக்கும்?”



“சாப்பிடத்தான கூப்பிட்டிருக்காங்க” என்றார் மாஸ்டர். “சாப்பிடப் போறதா இருந்தா போ.”

மறுநாள் மதியம் தர்சினியோடு ஆட்டோவில் போனான். வேறு யாரையும் கூட்டிப் போகவில்லை. அன்று காற்றே இல்லை. பனை ஓலைகள் அசையவில்லை. வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கையில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து சமையற்கட்டுப் பக்கம் போகும்போது வில்வா தலையைக் குனிந்தான். குனிந்த பிறகுதான் அங்கே ஒரு தாழ்ந்த உத்திரம் இருப்பதைப் பார்த்தான். திரும்பினான். தலை இடிக்கும் என்று சொல்ல வாயெடுத்த தர்சினி, சொல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டுக்குப் புதிதாக வருகிற எல்லாரும் அங்கே இடித்துக்கொள்வார்கள் என்று பிறகு சொன்னாள்.

கிணற்றடியில் முகம் கழுவினான். கண்ணை மூடியபடி கையை நீட்டினான். வெளியே தெரியாத, சுவரின் பின்பக்கத்து மாடத்தில் இருந்த சோப்பு நேராகக் கையில் பட்டது.

சிவபாக்கியம் வாழையிலை போட்டுப் பரிமாறினார். சோறு, பருப்பு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. வில்வாவுக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் இலையைப் பார்த்தான். கத்தரிக்காய்த் துண்டுகள் எல்லாம் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன.

“இப்பவும் ஒதுக்கிறாய் என்ன?” என்று அம்மா சிரித்தார்.

வில்வா இலையிலிருந்து கையை எடுத்தான். பேச்சை மாற்றுவதற்காக, “படம் இருக்கா?” என்று கேட்டான்.

தர்சினி கொண்டுவந்து கொடுத்தாள். மாலை போடாத, பொட்டு வைக்காத படம். வில்வா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒடுங்கிய முகம். சிறிய கண்கள். சுருட்டை முடி. அவனுக்கும் அந்தப் பையனுக்கும் கடுகளவும் ஒற்றுமை இல்லை.

“இது...” என்று தொடங்கினான்.

“தெரியும்” என்றார் சிவபாக்கியம். “முகம் வேறைதான். நான் என்ன குருடியோ?”

அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

“அப்பன், அண்டைக்கு என்ன நடந்தது? சொல்லு. நான் அழமாட்டன்.”

வில்வா தர்சினியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். தனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான்.

“சைக்கிள் செயின் கழண்டு போச்சம்மா” என்றது அவன் வாய். “மதகடியிலை நிண்டு மாட்டிக்கொண்டிருந்தனான். கையெல்லாம் கிறீஸ். ஒரு வாகனம் வந்து நிண்டது. ஆரெண்டு பாக்க நிமிந்தனான். அவ்வளவுதான். கனநேரம் நோகேல்லை. தண்ணி விடாய்ச்சது. உங்களைத்தான் கூப்பிட்டனான். நான் இனி வரமாட்டன் அம்மா. வாசலைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ.”

ஒரு சொல்கூடத் தட்டவில்லை. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஒருவனின் பேச்சு.

தர்சினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிவபாக்கியம் அழவில்லை. இலையை மடித்து எடுத்தார்.

“சரி அப்பன்” என்றார். “கையைக் கழுவு.”

படப்பிடிப்பு முடிந்து வில்வா ஐதராபாத்துக்குப் போனான். நாலு மொழியில் வரவேண்டிய பெரிய படம். முதல் காட்சியிலேயே அவனுக்கு வசனம் வரவில்லை. மறந்துபோகவில்லை. எல்லாம் நினைவில் இருந்தது. சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் பயமாக இருந்தது. என்ன வெளியே வருமோ என்ற பயம். இயக்குநர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தார்.

தர்சினி போன் செய்தாள்.

“அண்ணா, அம்மா படத்துக்கு மாலை போட்டிட்டா. ஐயரைக் கூப்பிட்டுக் கீரிமலையிலை அந்தியேட்டிக் கிரியையும் செய்தாச்சு. இத்தனை வருஷமா ஊரே சொல்லிப் பாத்தது, ஒருத்தற்றை பேச்சும் கேக்கேல்லை அவ.”

வில்வா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“ஒண்டு கேக்கவேணும்” என்றாள் தர்சினி. “மதகு எண்டு சொன்னனீங்கள். உங்களுக்கு ஆர் சொன்னது? அந்த ரோட்டிலை இப்ப மதகு இல்லை. ரோட்டை அகலமாக்கேக்கை உடைச்சுப்போட்டாங்கள். அண்ணன் இருந்த காலத்திலைதான் அது இருந்தது.”

“யாரும் சொல்லலம்மா.”



“அம்மா இப்ப நித்திரை கொள்ளுறா” என்றாள் தர்சினி. “அவ நித்திரை கொண்டு நான் கண்டதேயில்லை.”

வில்வா டயர் கடை மாடிக்கு வந்தான். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“நான் பெரிய பாவம் பண்ணிட்டேன் மாஸ்டர்.”

“என்ன பாவம்?”

“அவன் உயிரோட இருந்தா? எங்கயோ ஜெயில்லயோ, வேற தேசத்துலயோ இருந்தா? நாளைக்கு வந்து அந்தக் கதவைத் தட்டினா? அவங்க காத்துக்கிட்டிருந்தாங்க மாஸ்டர். நான் போய் ஒரு வசனம் பேசி, இருக்கிற பிள்ளைக்குக் காரியம் பண்ண வச்சிட்டேன்.”

மாஸ்டர் ஒரு சுளையை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். தின்னவில்லை.

“அன்னிக்கு என்ன சொன்னியோ, அதை இப்ப சொல்லு” என்றார்.

“இப்பவா?”

“சொல்லு.”

வில்வா நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

“சைக்கிள் செயின் கழண்டு போச்சம்மா. மதகடியில நின்னு மாட்டிக்கிட்டு...” நிறுத்தினான். திரும்பத் தொடங்கினான். “மதகடியிலே நிண்டு... மாட்டிக்கொண்டிருந்தேன்...”

சொற்கள் கட்டை கட்டையாக விழுந்தன. யாழ்ப்பாணமும் இல்லை, அறந்தாங்கியும் இல்லை. வந்து உட்கார்ந்திருந்த ஒரு மாணவி சங்கடத்தோடு தலையைத் திருப்பிக்கொண்டாள். வில்வாவுக்கே கூச்சமாக இருந்தது.

“போதும்” என்றார் மாஸ்டர். “இது பொய். இதைச் சொல்லியிருந்தா அந்த அம்மா உன்னை எழுந்து போகச் சொல்லியிருப்பாங்க.”

“அப்ப அது உண்மையா? அவன் செத்துட்டானா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் தெரியாதே மாஸ்டர்!” அவன் சுளையைக் கீழே வைத்தான். “தெரியாத ஒண்ணை ஒரு அம்மா கேக்கும்போது நான் எப்படிப் பதில் சொல்லலாம்?”

மாஸ்டர் எழுந்து போய் மாடிக் கதவைத் திறந்துவைத்தார்.

“அவங்க உன்கிட்ட கேக்கலியே, வில்வா” என்றார்.